முடிவு தெரிந்த சண்டை: ரெஸ்லிங்கின் நூறு வருடக் கதை

"உது முழுக்கப் பொய்யெண்டு உனக்குத் தெரியாதோ?"

ரெஸ்லிங் பார்க்கிற எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியதில்லை. அம்மப்பா கேட்பார். பக்கத்து வீட்டு அண்ணா கேட்பார். கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் விளையாட்டில்லை என்று நம்புகிற வகுப்புத் தோழன் கேட்பான். கேட்கிற தொனியில் ஒரு பெருமையும் இருக்கும், ஒருவருக்கும் தெரியாத பெரிய ரகசியத்தைத் தான் மட்டும் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

அந்த ரகசியம் நியூயோர்க் பத்திரிகை ஒன்றில் அச்சாகிக் கிட்டத்தட்ட 90 வருடமாகிவிட்டது. 1989 இல் கம்பனிக்காரரே அரசாங்கத்திடம் போய் "ஓம், இது வெறும் பொழுதுபோக்குத்தான்" என்ற மாதிரி ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் சனம் பார்க்கிறது. 2025 ஜனவரியில் இருந்து டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் 'ரோ' நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸில் நேரடியாகப் போகிறது. 10 வருட ஒப்பந்தம், பெறுமதி 5 பில்லியன் டொலருக்கு மேல். பொய்யென்று தெரிந்த ஒன்றுக்கு இவ்வளவு காசு என்றால், 'பொய்யா, உண்மையா' என்ற கேள்வியால் இதை விளங்கிக்கொள்ள முடியாது.

வேறு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். அந்தப் பொய்யை ஏன் உருவாக்கினார்கள்? அதைக் காப்பாற்றியதில் யாருக்கு இலாபம்? கடைசியில் அதை உடைத்தபோது யாருக்கு இலாபம்?

உண்மையான சண்டை ஏன் சலித்தது

1910 செப்டெம்பர் 10, லண்டன். இந்தியாவில் இருந்து போன காமா பயில்வானும் போலந்துக்காரரான ஸ்ரானிஸ்லாஸ் ஸ்பிஷ்கோவும் மோதுகிறார்கள். இது எழுதிவைத்த சண்டை இல்லை, அசல் குஸ்தி. தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே காமா அவரைக் கீழே கொண்டுவந்துவிட்டார். ஸ்பிஷ்கோவுக்குத் தன்னால் வெல்ல முடியாது என்று விளங்கிவிட்டது. ஆனால் தோற்காமல் இருக்க ஒரு வழி இருந்தது. குப்புறப் படுத்துக்கொண்டார். இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே பாயோடு ஒட்டிக்கொண்டு கிடந்தார். காமாவால் அவரைப் புரட்டவும் முடியவில்லை, அவராக எழும்பவும் இல்லை. கடைசியில் சமநிலை என்று அறிவித்தார்கள். அடுத்த கிழமை திரும்பவும் மோதுவதாக ஏற்பாடு. ஸ்பிஷ்கோ அந்தப் பக்கம் வரவேயில்லை.

காசு கொடுத்து உள்ளே போய் உட்கார்ந்திருந்த சனத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு உலகத்தரமான பயில்வான்கள், இரண்டரை மணித்தியாலம், பார்க்கக் கிடைத்ததோ ஒருவருடைய முதுகு.

இது ஒரு நாள் விபத்தில்லை. 1908 இல் சிக்காகோவில் அமெரிக்கரான ஃபிராங்க் கொட்ச், எஸ்தோனியாவில் பிறந்த ஜோர்ஜ் ஹக்கன்ஷ்மிட்டை வென்ற புகழ்பெற்ற மட்ச் சுமார் இரண்டு மணித்தியாலம் இழுபட்டது. பெரும்பகுதி நேரம் நின்றபடி ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருந்ததுதான். 1911 இல் இருவரும் திரும்ப மோதியபோது ஹக்கன்ஷ்மிட் முழங்கால் காயத்தோடு வந்து இலகுவாகத் தோற்றார். பெருந்தொகையாக வந்திருந்த சனம் ஏமாந்து திரும்பியது. 1916 ஜூலை 4 அன்று ஒமாஹா நகரத்தில் ஜோ ஸ்ரெச்சரும் எட் லூயிசும் மோதிய மட்ச் சுமார் 5 மணித்தியாலம் ஓடி, முடிவில்லாமல் முடிந்தது.

சமபலமான இரண்டு பேர் உண்மையாகவே மல்லுக்கு நின்றால் பெரும்பாலும் நடப்பது இதுதான். பிடித்தால் விடமாட்டார்கள், விட்டால் பிடிபடமாட்டார்கள். நுணுக்கம் தெரிந்தவனுக்கு அதில் ருசி இருக்கும். கடைசி வரிசையில் ரிக்கெற் எடுத்தவனுக்குக் கொட்டாவிதான்.

அதேநேரம் அமெரிக்காவில் ஊரூராகப் போகும் கார்னிவல்களில் இன்னொரு விதமான மல்யுத்தம் நடந்துகொண்டிருந்தது. "எங்கட பயில்வானோட இத்தனை நிமிசம் தாக்குப்பிடிச்சா காசு" என்று கூடாரத்துக்கு வெளியே கூவுவார்கள். கூட்டத்துக்குள் இருந்து சவால் விட்டு மேடையேறுகிற 'உள்ளூர்ப் பொடியன்' பல நேரம் அவர்களுடைய ஆளாகவே இருப்பான். அவன் கிட்டத்தட்ட வெல்கிற மாதிரி வருவான், சனம் கொதிக்கும், பந்தயக் காசு ஏறும். முடிவை முதலே பேசிவைத்தால் எவ்வளவு உழைக்கலாம் என்ற பாடம் அந்தக் கூடாரங்களில் இருந்துதான் வந்தது. வெளியாருக்கு உண்மையைச் சொல்லாமல் நாடகத்தைக் காப்பாற்றும் விதியைக் குறிக்கிற 'கெய்ஃபேப்' என்ற சொல்லும் அந்தக் கார்னிவல் ஆட்களின் குழூஉக்குறியில் இருந்து வந்ததென்றே பொதுவாகச் சொல்கிறார்கள்.

அண்ணாவியார் வருகிறார்

1920களில் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் அந்த 5 மணித்தியால மட்ச் ஆடிய எட் 'ஸ்ராங்ளர்' லூயிஸ். மற்றவர்கள் அவருடைய மனேஜர் பில்லி சாண்டோவும் ஜோசப் 'டூட்ஸ்' மொண்ட் என்பவரும். சரித்திரத்தில் இவர்களைக் 'கோல்ட் டஸ்ட்' மூவர் என்கிறார்கள். இன்று நாங்கள் பார்க்கிற ரெஸ்லிங்கின் எலும்புக்கூடு பெரும்பாலும் இவர்கள் காலத்தில் உருவானது. மட்சுக்கு நேரக்கட்டுப்பாடு வந்தது. குத்துச்சண்டையில் இருந்தும் பழைய நாட்டார் மல்யுத்தங்களில் இருந்தும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற அசைவுகளை எடுத்தார்கள். ஒரு மட்சோடு முடிந்துவிடாமல், இந்த ஊரில் தொடங்கிய பகை அடுத்த ஊரில் வளர்ந்து இன்னொரு ஊரில் தீர்கிற மாதிரிக் கதையைத் தொடராக்கினார்கள். வீரர்களை ஒரு நாடகக் குழு போலக் கூட்டிக்கொண்டு சுற்றினார்கள்.

எங்களுடைய கூத்து மரபில் சொன்னால், அண்ணாவியார் ஒருவர் வந்துவிட்டார். யார் எந்த வேடம், யார் எப்போது விழவேண்டும், எந்த இடத்தில் சனம் எழும்பவேண்டும் என்று தீர்மானிக்கிற ஆள்.

ஆனால் கூத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். கூத்தில் துரியோதனன் வேடம் கட்டியவர், "இண்டைக்கு நான் தோற்கமாட்டன்" என்று அடம்பிடித்தால் கதை குழம்பும், அவ்வளவுதான். ரெஸ்லிங்கில் ஒரு சம்பியன் பட்டமும் அதோடு சேர்ந்த காசும் கை மாறிவிடும். 1925 ஜனவரியில் இந்த மூவர், வெயின் மன் என்ற அமெரிக்கன் ஃபுட்போல் வீரரிடம் லூயிஸைத் தோற்கவைத்து அவரை உலகச் சம்பியனாக்கினார்கள். ஆறரை அடி உயரம், வாட்டசாட்டமான ஆள், சனத்துக்குப் பிடித்துவிட்டது. ஒரே குறை, அவருக்கு மல்யுத்தம் பெரிதாகத் தெரியாது. ஏப்ரல் 15 அன்று ஃபிலடெல்ஃபியாவில் அவரிடம் தோற்றுப்போக ஒரு பழைய கையை ஏற்பாடு பண்ணினார்கள்.

அந்தப் பழைய கை யார் தெரியுமா? லண்டனில் குப்புறப் படுத்த அதே ஸ்பிஷ்கோ. நாற்பதைத் தாண்டியிருந்தார். ஆனால் வித்தையை மறக்கவில்லை. போட்டிக் குழுவோடு முதலே பேசிவைத்துக்கொண்டு வந்தவர், மணி அடித்ததும் எழுதிக்கொடுத்த கதையைத் தூக்கி எறிந்துவிட்டு உண்மையாகவே மல்லுக்கு நின்றார். மன் பாவம், திரும்பத் திரும்ப முதுகு நிலத்தில் பட விழுந்தார். பட்டம் பறிபோனது. அடுத்த மாதமே ஸ்பிஷ்கோ அதை ஜோ ஸ்ரெச்சரிடம் 'தோற்று' ஒப்படைத்தார்.

இதில் இருந்து முதலாளிகள் ஒரு பாடம் படித்தார்கள். பட்டத்தை வைத்திருப்பவர் நடிக்கத் தெரிந்தவராக மட்டும் இருந்தால் போதாது, யாராவது குறுக்கே இழுத்தால் தடுக்கிற அளவுக்கு அசல் வித்தையும் தெரிந்தவராக இருக்கவேண்டும். 1948 இல் பல பிராந்திய முதலாளிகள் சேர்ந்து தேசிய ரெஸ்லிங் கூட்டமைப்பைத் தொடங்கியபின், லூ தெஸ் போன்ற உண்மையான மல்யுத்த வீரரை நீண்டகாலம் சம்பியனாக வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அச்சான ரகசியம்

1930களின் நடுவில் நியூயோர்க் முதலாளிகளுக்குள் காசுச் சண்டை வந்தது. கழற்றிவிடப்பட்ட ஜக் ஃபெஃபர் என்ற முதலாளி நேரே 'டெய்லி மிரர்' பத்திரிகைக்குப் போய், விளையாட்டுப் பகுதி எழுத்தாளர் டான் பார்க்கரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். 1937 இல் மார்க்கஸ் கிரிஃபின் என்பவர் இந்த வியாபாரத்தின் உள்வீட்டுக் கதைகளைப் புத்தகமாகவே போட்டார். அந்தக் காலத்தில் கூட்டம் குறைந்தது உண்மை. ஆனால் ரெஸ்லிங் சாகவில்லை.

அதைத் தூக்கி நிறுத்தியது ரி.வி. 1940களின் கடைசியில் அமெரிக்க வீடுகளுக்கு ரி.வி. வரத் தொடங்கியபோது, ஒரு சின்னச் சதுரத்துக்குள் இரண்டு பேர் மோதுவதைப் படம்பிடிப்பது இலகு, மலிவு. அந்தச் சதுரத்துக்குள் ஜோர்ஜ் வாக்னர் என்ற மனிதர் 'கோர்ஜியஸ் ஜோர்ஜ்' ஆக நுழைந்தார். பொன்னிறச் சுருட்டை முடி, மினுங்கும் அங்கி, முன்னால் வாசனைத் திரவியம் தெளித்துக்கொண்டு போக ஒரு பணியாள். கூட்டம் ஊளையிடும். அவர் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பார். அடிபடத் தொடங்குவதற்கு முன்னமே சனத்துக்குக் காசுக்கான பெறுமதி கிடைத்துவிடும். 1961 இல் லாஸ் வேகஸில் அவரைச் சந்தித்த ஓர் இளம் குத்துச்சண்டை வீரர், வாய்வீச்சால் அரங்கை நிரப்பலாம் என்று அவரிடம் கற்றுக்கொண்டதாகப் பிறகு சொல்லியிருக்கிறார். அந்த இளைஞரைத்தான் உலகம் முகம்மது அலி என்று அறியும்.

எங்கள் பக்கத்திலும் இப்படி ஒருவர் இருந்தார். தாரா சிங், 1968 இல் பம்பாயில் லூ தெஸ்ஸை வென்று புகழின் உச்சிக்குப் போனவர். 1980களின் பிற்பகுதியில் தூர்தர்ஷனின் இராமாயணத் தொடரில் அவர்தான் அனுமன். ரிங்கில் இருந்து இதிகாசத்துக்குப் போனதை ஒருவரும் வேடமாற்றமாகக்கூட நினைக்கவில்லை. பலசாலியாகச் சனத்தின் முன் நிற்பதுதான் இரண்டு இடத்திலும் அவருடைய தொழில்.

சூரன் போரில் யாரும் கேட்காத கேள்வி

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் முருகன் கோயில் வீதியில் போய் நில்லுங்கள். சூரன் வெல்லமாட்டான் என்று அங்கே நிற்கிற நாலு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். ஆனைமுகம் மாறிச் சிங்கமுகம் வரும், பிறகு சூரன் முகம், மாமரம், கடைசியில் சேவலும் மயிலும். வருடாவருடம் அதே வரிசை. ஆனாலும் சூரன் திமிறிக்கொண்டு முன்னுக்கு ஓடிவரும்போது சனம் பின்வாங்கும், கத்தும், சிரிக்கும். "முடிவு தெரிஞ்சதுதானே, ஏன் வந்தனீங்கள்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

முடிவு தெரிந்திருப்பது ரசனையைக் கெடுக்காது. கவனம் 'யார்' என்பதில் இருந்து 'எப்படி' என்பதற்கு மாறும், அவ்வளவுதான். பிரெஞ்சு எழுத்தாளர் ரோலன் பார்த் 1957 இல் வெளிவந்த 'மித்தோலஜீஸ்' நூலில் ரெஸ்லிங் பற்றிய கட்டுரையைத்தான் முதலில் வைத்தார். இது விளையாட்டில்லை, காட்சி. சண்டை பேசிவைத்ததா என்பது பார்வையாளருக்குப் பொருட்டேயில்லை என்பது அவருடைய வாதம். குத்துச்சண்டையில் முடிவுக்காகக் காத்திருக்கிறோம். இதில் ஒவ்வொரு கணத்திலும் வலி, திமிர், தோல்வி, நீதி என்பவை கண்முன்னால் தெளிவாக நிற்கவேண்டும்.

'எப்படி' என்று பார்க்கத் தொடங்கினால் எவ்வளவோ தெரியும். கெட்டவனை 'ஹீல்' என்பார்கள், நல்லவனை 'ஃபேஸ்' என்பார்கள். பல மட்சுகளில் வேகத்தை நடத்திக்கொண்டு போவது ஹீல்தான். பிடிபோட்டு முகத்தை மறைத்துக்கொண்டு அடுத்த அசைவை மற்றவர் காதில் சொல்லுவார். நடுவர் சும்மா நிற்பதில்லை. எவ்வளவு நேரம் மிச்சம், பின்னால் இருந்து என்ன தகவல் என்று இருவருக்கும் கடத்துவார். உண்மையிலேயே காயம் பட்டால் தலைக்கு மேல் கைகளைக் குறுக்காகப் பிடித்துக் காட்டுவார். அடிவாங்கியதை நம்பவைக்கிற நடிப்புக்கு 'செல்லிங்' என்று பெயர். முதல் பத்து நிமிடம் காலில் அடிவாங்கியவர், கடைசியில் ஓடிப்போய்ப் பாயும்போது அந்தக் காலைக் கொஞ்சம் இழுத்தால், அவர் தொழில் தெரிந்தவர்.

1987 மார்ச் 29, மிச்சிகனில் நடந்த மூன்றாவது ரெஸில்மேனியாவை எடுங்கள். ஹல்க் ஹோகன் எதிர் அன்ட்ரே த ஜயன்ட். 93,173 பேர் வந்ததாகக் கம்பனி சொன்னது, அந்த எண்ணிக்கையைப் பற்றி இன்றைக்கும் வாதம் நடக்கிறது. அன்ட்ரே 15 வருடம் தோற்காதவர் என்றும் சொன்னார்கள். அது கதை. அவரை யாராலும் தூக்க முடியாது என்ற மாதிரிக் காட்டினார்கள். 1980 இல் நியூயோர்க்கில் இதே ஹோகன் அவரைத் தூக்கிப் போட்டிருந்தார்.

கதையாக இல்லாதது ஒன்றே ஒன்று: அன்ட்ரேயின் முதுகு. வளர்ச்சி ஹோர்மோன் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும் நோய் அவருடைய உடலைப் பெருக்கவைத்து, கூடவே உடைத்துக்கொண்டும் வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் முதுகில் சத்திரசிகிச்சை. உடுப்புக்குள் இடுப்புப்பட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்த மட்சில் அவர் அதிகம் அசையவில்லை, அசைய முடியவில்லை. ஆனால் ஹோகன் தூக்கவேண்டிய கணம் வந்தபோது தன்னைத் தூக்கவிட்டார். 230 கிலோவுக்கு மேல் என்று விளம்பரப்படுத்தப்பட்ட மனிதர் அப்படி விழச் சம்மதித்தார். அடுத்த தலைமுறையின் நாயகன் உருவாகவேண்டும் என்பதற்காக ஒரு நோயாளி முதுகைக் கொடுத்ததுதான் அந்தப் புகழ்பெற்ற காட்சி. ஆறு வருடம் கழித்து, 1993 ஜனவரியில் அன்ட்ரே இறந்தார். வயது 46.

"பொய்" என்று சொல்லி முகத்தைத் திருப்புகிறவருக்கு இந்தக் காட்சியில் ஒன்றும் தெரியாது. "உண்மை" என்று நம்புகிறவருக்கும் தெரியாது. இது எழுதப்பட்டது என்று தெரிந்தவருக்குத்தான் அன்ட்ரே என்ன செய்தார் என்பது தெரியும்.

உண்மை சொன்னது யாருடைய நன்மைக்கு?

இந்தக் காலத்திலும் வீரர்கள் ரகசியத்தைக் காவல் காக்கவேண்டியிருந்தது. 1984 டிசெம்பரில் ஜோன் ஸ்ரோசல் என்ற ரி.வி. நிருபர், டேவிட் ஷுல்ட்ஸ் என்ற வீரரிடம் "இது பொய்யென்று நினைக்கிறேன்" என்றார். ஷுல்ட்ஸ் கமராவுக்கு முன்னாலேயே இரண்டு காதிலும் அறைந்தார். 1987 மே மாதம் நியூ ஜேர்சியில் பொலிஸ் ஒரு காரை மறித்தது. உள்ளே போதைப்பொருளோடு இருந்தவர்கள் ஜிம் டகனும் அயர்ன் ஷேக்கும், ரிங்கில் அமெரிக்கக் கொடிக்காரரும் அவருடைய பரம எதிரியும். சனத்துக்குப் பெரிய பகிடி, எதிரிகள் இரண்டு பேரும் ஒரே காரில். கம்பனி இருவரையும் விலக்கியது.

இரண்டே வருடத்தில், 1989 பெப்ரவரியில், அதே நியூ ஜேர்சி மாநிலத்தில் அதே கம்பனி தானாகவே ரகசியத்தை உடைத்தது. ரெஸ்லிங் போட்டியில்லை, பார்ப்பவரை மகிழ்விக்கும் காட்சி மட்டுமே என்று சட்டத்தில் எழுதும் மசோதாவுக்கு ஆதரவாக அவர்களுடைய ஆட்கள் மாநில செனற்றில் பேசினார்கள். காரணம் கலை மீதான நேர்மையில்லை. விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு ஆணைக்குழுவின் மேற்பார்வை உண்டு. வீரருக்கும் நடுவருக்கும் உரிமம், மட்சுக்கு முன்னால் வைத்தியப் பரிசோதனை, ஒளிபரப்பு வருமானத்துக்கு வரி. காட்சி என்றால் இவை இல்லை.

அந்த ஆணைக்குழுக்கள் ஒழுங்காக இருந்தன என்று சொல்ல வரவில்லை. பென்சில்வேனியாவில் ஆணைக்குழு நியமித்த ரிங்சைட் டொக்டர் ஒருவரே வீரர்களுக்கு ஸ்ரீரொய்ட் விற்றதாக 1991 இல் குற்றவாளியானார். இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். பொய் காசு தந்தவரை, அதைக் காப்பாற்றும் பொறுப்பு வீரர்களின் தலையில். உண்மை காசு தந்தபோது முதலாளி சொன்னார். வீரர்களுடைய உடம்பைப் பற்றிய உண்மையை மட்டும் யாரும் சொல்லவில்லை.

1986 இல் ஜெசி வென்சுரா என்ற வீரர் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று உடைமாற்றும் அறையில் பேசினார். கதை உடனே முதலாளி வின்ஸ் மக்மேனின் காதுக்குப் போனது. பல வருடம் கழித்து ஒரு ரோயல்ரி வழக்கில் மக்மேன் சாட்சியம் சொன்னபோதுதான், காட்டிக்கொடுத்தவர் ஹல்க் ஹோகன் என்று தனக்குத் தெரியவந்ததாக வென்சுரா சொல்லியிருக்கிறார். ரிங்கில் நீதிக்காகப் போராடிய நாயகன்! வென்சுரா பிறகு மினசோட்டா மாநில ஆளுநராகவே ஆனார். ரெஸ்லிங்கில் சங்கம் மட்டும் வரவில்லை.

1997 நவம்பர் 9 அன்று மொன்றியலில் நடந்தது 1925 ஃபிலடெல்ஃபியாவின் மறுபக்கம். கம்பனியை விட்டுப் போகவிருந்த சம்பியன் பிரெட் ஹார்ட், சொந்த நாட்டில் ஷோன் மைக்கல்ஸிடம் தோற்க மறுத்து, வேறொரு முடிவுக்குச் சம்மதித்திருந்தார். மட்ச் நடுவில் மைக்கல்ஸ் பிடிபோட்டதும், பிரெட் கைவிடாமலேயே மணியை அடிக்கச் சொன்னார் மக்மேன். ஸ்பிஷ்கோ காலத்தில் வீரன் முதலாளியை ஏமாற்ற முடிந்தது. இப்போது முதலாளி வீரனை ஏமாற்றினார். எழுதுகோல் யார் கையில் என்பதில் சந்தேகம் மிச்சமிருக்கவில்லை.

விழுகிற உடம்பு

ரிங்கின் தளம் மெத்தையில்லை. இரும்புச் சட்டத்துக்கு மேல் பலகை, அதற்கு மேல் மெல்லிய ஃபோம், அதற்கு மேல் கன்வஸ். விழுவதற்குத்தான் முதலில் பழக்குவார்கள்: நாடியை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி, கைகளால் தளத்தை அறைந்து அதிர்வைப் பரப்பி. சரியாக விழுந்தாலும் நோகும். வருடத்துக்கு நூற்றுக்கணக்கான இரவுகள் அப்படி விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

1998 ஜூன் 28 அன்று பிற்ஸ்பேர்க்கில் மிக் ஃபோலி சுமார் 16 அடிக் கூண்டின் உச்சியில் இருந்து மேசை மேல் விழுந்தார். அது திட்டமிட்டது. திரும்ப மேலே ஏறினார், கூரை உடைந்து உள்ளே விழுந்தார். கூரை அப்படிப் பிரிந்தது திட்டத்தில் இல்லை. அந்தக் காணொளியைப் பாதிப்பேர் "பொய்" என்பதற்கு எதிரான சாட்சியாகப் பகிர்கிறார்கள். ஆனால் அதைச் சாட்சியாக்குவதில் ஒரு அபாயம் இருக்கிறது. 'உண்மையென்று காட்டு' என்று கூட்டம் கேட்கக் கேட்க, வீரர்கள் இன்னும் உயரத்தில் இருந்து விழவேண்டிவரும்.

அடுத்த வருடம், 1999 மே 23, கன்சாஸ் சிற்றி. பிரெட்டின் தம்பி ஓவன் ஹார்ட் கோமாளித்தனமான சுப்பர் ஹீரோ வேடத்தில் அரங்கக் கூரையில் இருந்து கயிற்றில் இறங்கவேண்டும். பூட்டு முந்திக் கழன்றது. சுமார் 24 மீற்றர் உயரத்தில் இருந்து ரிங்கில் விழுந்து இறந்தார். வர்ணனையாளர் ஜிம் ரோஸ், இது நிகழ்ச்சியின் பகுதியில்லை என்று ரி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதே ரிங்கில் நிகழ்ச்சி தொடர்ந்தது.

2005 நவம்பரில் எடி கெரேரோ 38 வயதில் இதயம் நின்று இறந்த பிறகுதான் கம்பனி 2006 இல் புதிய வைத்தியப் பரிசோதனைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2007 ஜூனில் கிறிஸ் பெனுவா மனைவியையும் மகனையும் கொன்றுவிட்டுத் தானும் இறந்தார். அவருடைய மூளையை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்ப அடிபட்டதால் வந்த கடுமையான சேதத்தைக் கண்டார்கள். அவர் செய்ததற்கு அது நியாயமாகாது, முழு விளக்கமும் ஆகாது. ஆனால் கதிரையால் தலையில் அடிப்பது 'சும்மா நடிப்பு' என்று அதற்குப் பிறகு யாரும் சொல்ல முடியாமல்போனது. 2010 இல் தலையில் கதிரை அடியை டபிள்யூ.டபிள்யூ.ஈ. தடைசெய்தது.

இன்றைக்கும் அந்தக் கம்பனியின் வீரர்கள் சட்டப்படி ஊழியர்கள் இல்லை, 'சுயாதீன ஒப்பந்தக்காரர்கள்'. ரிங்கில் பட்ட காயத்துக்கான சிகிச்சையைக் கம்பனி பார்த்துக்கொள்கிறது. ஆனால் வழமையான ஊழியருக்குரிய உடல்நலக் காப்புறுதியோ ஓய்வூதியமோ சங்கமோ இல்லை. எங்கே, எப்போது, யாரிடம் தோற்பது என்று எல்லாவற்றையும் கம்பனி எழுதுகிறது. இதில் எந்தச் சுயாதீனம்? 5 பில்லியன் டொலர் ஒப்பந்தத்துக்குப் பக்கத்தில் வைத்து இதையும் வாசிக்கவேண்டும்.

சூரன் போருக்குத் திரும்புவோம். சூரன் விழுவான் என்பது எழுதப்பட்டது. ஆனால் அந்தப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வீதி முழுக்க ஓடிய பொடியன்களின் தோள் அடுத்த நாளும் நோகும். அந்தத் தோளைப் பார்க்காமல் சூரனை மட்டும் பார்த்தால் அரைவாசிதான் பார்த்தோம்.

அதனால் அடுத்தமுறை யாராவது "உது பொய்தானே" என்று கேட்டால், கோபப்படத் தேவையில்லை. "ஓம், எழுதினதுதான். வா, இருந்து பார்" என்று பக்கத்தில் இருத்துங்கள். தூக்குகிறவரின் கை மற்றவருடைய கழுத்தை எப்படித் தாங்குகிறது என்று காட்டுங்கள். விழுகிறவர் நாடியை எப்படி ஒட்டுகிறார் என்று காட்டுங்கள். ஒருவரையொருவர் வெறுப்பதாக நடிக்கிற இரண்டு பேர், ஒவ்வொரு நொடியும் மற்றவர் உயிரைக் கையில் வைத்துக் காப்பாற்றுவதைக் காட்டுங்கள். பிறகு, மட்ச் முடிந்ததும், அந்த இரண்டு பேருக்கும் வயதுபோனால் யார் மருந்துக்குக் காசு கட்டுவது என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.